குவாத்தமாலாவில் யார் யார், எத்தனை பேர்? கணக்கெடுப்பு அட்டவணையை நாமே படிப்போம்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் பழங்குடிகளான மாயா மக்கள் எவ்வளவு என்று தேடினால், ஓரிடத்தில் 39 விழுக்காடு என்றிருக்கும், இன்னோரிடத்தில் 42 என்றிருக்கும். இரண்டும் பொய்யில்லை. எந்த ஆண்டில், என்ன கேட்டு எண்ணினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். யாரோ வரைந்த வட்ட வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, அட்டவணையை நாமே திறப்போம். ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

அந்நாட்டின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 2018இல் எடுத்த கணக்கு நம் கையில் இருக்கிறது. மொத்தம் 14,901,286 என்று மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி வைத்திருப்பார்கள். முதல் தடவை நான் இதை 14 கோடி என்று எழுதிவைத்துவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் விழித்துக்கொண்டேன். உடனே நம் வழக்கத்துக்கு மாற்றுங்கள்: 1,49,01,286. பெண்கள் 76,78,190, ஆண்கள் 72,23,096. கூட்டினால் மொத்தம் அப்படியே வர வேண்டும்.

படி 2: எண்ணுக்கு முன் கேள்வியைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கணக்கெடுப்பாளர் கேட்டது இதுதான்: உங்கள் பூர்வீகம் அல்லது வரலாற்றின்படி உங்களை யாராகக் கருதுகிறீர்கள்? யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, எந்த மொழி பேசுகிறீர்கள் என்று பார்த்து முடிவுசெய்யவும் இல்லை. சொன்னதுதான் பதிவு.

அட்டவணையின் தலைப்பில் ‘பூவெப்லோ’ என்ற ஸ்பானிஷ் சொல் வரும். அதற்கு ஊர் என்றும் பொருள், மக்கள் என்றும் பொருள். இங்கே மக்கள். அடுத்து ‘லதினோ’. குவாத்தமாலாவில் இது பழங்குடி அடையாளம் இல்லாத, ஸ்பானிஷ் பேசும் மக்களைக் குறிக்கும். பெரும்பாலோர் கலப்பு வம்சாவளியினர். இதை ‘வெள்ளையர்’ என்று பெயர்த்துவிடாதீர்கள்.

படி 3: வகுத்துப் பாருங்கள்

லதினோ: 83,46,120
மாயா: 62,07,503
ஷின்கா (மாயா அல்லாத இன்னொரு பழங்குடி): 2,64,167
வெளிநாட்டவர்: 36,320
ஆப்பிரிக்க வம்சாவளியினர்: 27,647
காரிஃபுனா: 19,529

ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். லதினோ 56.0, மாயா 41.7, ஷின்கா 1.8. மற்ற மூன்றும் சேர்ந்தே அரை விழுக்காட்டுக்கு மேல் கொஞ்சம்தான். ஆனால் சிறிய எண் என்று காரிஃபுனாவைக் கடந்துவிட வேண்டாம். 1797இல் பிரிட்டிஷார் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து கப்பலேற்றி விரட்டிய மக்களின் சந்ததியினர் இவர்கள். கரீபியக் கரையில் லிவிங்ஸ்டன் என்ற ஊர் இவர்களுக்குப் பேர்போனது.

படி 4: ‘மாயா’ என்ற மூட்டையை அவிழுங்கள்

அதற்குள் 22 மொழிச் சமூகங்கள் இருக்கின்றன. கிச்சே 16,80,551, கெக்சி 13,70,007, காக்சிகேல் 10,68,356, மாம் 8,42,252. இந்த நான்கு மட்டுமே மாயா மக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு.

இப்போது தாய்மொழி அட்டவணையை அருகில் வையுங்கள். நாட்டில் கிச்சே மக்கள் 11.3 விழுக்காடு, கிச்சேயைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 7.8. காக்சிகேல் மக்கள் 7.2, மொழி 3 மட்டுமே. கெக்சியிலோ மக்கள் 9.2, மொழி 8.3. தலைக்கணக்கில் இரண்டாம் இடத்தில் இருக்கும் கெக்சி, மொழிக்கணக்கில் கிச்சேயை முந்திவிடுகிறது! எனக்கு இந்த முழு அட்டவணையிலும் மிகவும் பிடித்த இடம் இது. ஒன்றை மறக்காதீர்கள்: மொழிக் கேள்வி 4 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். வகுக்கும் எண் வேறு என்பதால் தசமப் புள்ளிக்காகச் சண்டை போட வேண்டாம்.

படி 5: மாவட்ட வாரியாகப் பிரியுங்கள்

மொத்தம் 22 மாவட்டங்கள். மேற்கு மலைப்பகுதியின் தோத்தோனிகபானிலும் சோலோலாவிலும் மாயா மக்கள் 95 விழுக்காட்டைத் தாண்டுவார்கள். கிழக்கே சகாபா பக்கம் போனால் பெரும்பாலும் லதினோ. நாட்டுச் சராசரியான 41.7 இந்த மூன்று மாவட்டங்களில் எதற்கும் பொருந்தாது.

படி 6: பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள்

2002இல் மொத்தம் 1,12,37,196 பேர். பதினாறு ஆண்டுகளில் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஷின்கா வரிசையைப் பாருங்கள்: அப்போது 16,214, இப்போது 2,64,167. பதினாறு மடங்கு! பிள்ளைப்பேற்றால் இப்படிக் கூட வழியே இல்லை. ஷின்கா மொழி மாயா குடும்பத்தைச் சேர்ந்ததன்று, அதைப் பேசுவோரும் ஏறக்குறைய இல்லை. தென்கிழக்கில் சாந்தா ரோசா, ஹுத்தியாபா, ஹலாபா மாவட்டங்களில் ஸ்பானிஷ் பேசி வாழும் இவர்கள், முன்பு லதினோ என்றே பதிவாகியிருக்கக் கூடியவர்கள். படி 2இல் படித்த கேள்விக்கு இந்த முறை வேறு பதில் சொன்னார்கள்.

வெளியே அதற்குக் காரணமும் இருந்தது. சாந்தா ரோசாவின் சான் ரஃபேல் லாஸ் ஃப்ளோரெஸில் வெள்ளிச் சுரங்கத்துக்கு எதிரான வழக்கில், அந்தப் பகுதியில் ஷின்கா மக்கள் இருக்கிறார்களா என்பதே ஒரு கேள்வியாக நின்றது. கணக்கெடுப்பு நடந்த அதே 2018இல், அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது.