மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு: செய்முறையும் எல்லையும்

கறவை மாடுகளுக்கு ஆன்டிபயாடிக் மிகுதியாகச் செலவாகும் நோய்களுள், கிருமி தொற்றி மடி அழன்று வீங்கும் மடிநோய் முதன்மையானது. வீக்கம் வடிந்ததும் ஊசியைப் பாதியில் நிறுத்துவதும், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மருந்து வாங்குவதும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாற இடம் கொடுக்கின்றன. தொடக்கநிலை மடிநோயில் இம்மருந்துகளின் தேவையைக் குறைக்கும் மூலிகைப் பூச்சு ஒன்றை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தினார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதைப் பிற மாநிலப் பண்ணையாளர்களிடமும் கொண்டு சென்றது.

பூச்சைத் தொடங்குமுன் பால் மாதிரி எடுத்துவிடுவது நல்லது. காம்பின் நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சல்களைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, பின்வரும் பாலைக் கிருமிநீக்கிய குழாயில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவர் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்னும் முடிவு கையில் இருந்தால், பூச்சு பலன் தராதபோது மருத்துவர் ஊகத்தில் மருந்து எழுத வேண்டியிராது. பலரும் தவிர்த்துவிடும் இந்த வேலையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம் தேவை. நீற்றாத கல்சுண்ணாம்பு தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் அதைத் தொடவே கூடாது. கற்றாழை மடலின் ஓர முள்ளைச் சீவி, தோலோடு துண்டாக்கி, மூன்றையும் நீரில்லாமல் அரைத்தால், சுண்ணாம்பின் காரத்தன்மையால் மஞ்சள் நிறம் மாறி விழுது செம்மை பெறும். விழுதை அன்றன்றைக்கே அரைக்க வேண்டும்; மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

மடியில் உள்ள பாலை முழுவதும் கறந்து, மடியைக் கழுவித் துடைத்தபின், ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி நீரில் கரைத்து, நோயுற்ற காம்புப் பகுதியில் மட்டுமன்றி மடி முழுவதும் பூச வேண்டும். இவ்வாறு நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாட்கள் பூசுவது முறை. இரண்டு வேளை பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்வது இம்முறையைச் சோதித்ததாகாது. கறவை நேரத்தில் பூச்சை நன்றாகக் கழுவிவிட்டுக் கறக்க வேண்டும். திரிந்த பாலையோ இரத்தம் கலந்த பாலையோ விற்கவும் கூடாது, கன்றுக்கு ஊட்டவும் கூடாது. விழுதைக் காம்புத் துளைக்குள் செலுத்துவது புதிய கிருமிகளை நாமே உள்ளே அனுப்புவதாகும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள், கிருமி வளர்க்கும் ஆய்வகத் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் தட்டில் கிருமியின்மேல் நேரடியாகப் படும் அளவு, தோலின்மேல் பூசும்போது மடியின் உட்திசுவை எட்டும் என்று கொள்ள முடியாது. ஆகவே மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றாலோ, காது குளிர்ந்து படுத்துவிட்டாலோ, ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் நச்சு இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அப்போது பூச்சை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வீக்கம் தணிந்ததை மட்டும் வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு செய்யலாகாது. ஐந்து நாட்களுக்குப் பிறகு நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைத் திரவத்தோடு சம அளவில் கலந்து சுழற்றிப் பார்க்க வேண்டும். கலவை நீராக ஓடினால் நல்லது. கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று பொருள். அப்போது ஆய்வக முடிவுப்படி மருத்துவர் எழுதும் ஆன்டிபயாடிக்கை முழு நாட்களும் கொடுத்து, அவர் குறிப்பிடும் காலம் முடியும்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும்.