விழுதிப் புதரும் ஆரஞ்சு நுனியும்: சென்னையில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சியைப் படமெடுக்க

சென்னையில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் தெரிவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரம் மண்ணில் முழுக்கக் காய்வதற்குள், மாசியிலும் பங்குனியிலும் புங்கமரம் தளிர்விடும், வேம்பு பூக்கும், புதர்களில் இளம் இலை துளிர்க்கும். அந்தச் சில வாரங்கள்தான் நமக்கு இளவேனில். அப்போது புறநகர்ப் புதர்க்காட்டு ஓரங்களில் ஒரு வெள்ளைப் பூச்சி முழங்கால் உயரத்தில் வளைந்து வளைந்து பறப்பதைப் பார்க்கலாம். முன்சிறகின் நுனியில் மட்டும் கறுப்பு விளிம்புக்குள் ஓர் ஆரஞ்சுத் தீற்றல். பட்டாம்பூச்சி பார்ப்பவர்கள் இதை ஸ்மால் ஆரஞ்ச் டிப் என்பார்கள். அறிவியல் பெயர் கோலோடிஸ் எட்ரிடா. சிறகை விரித்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். மற்ற மாதங்களிலும் கண்ணில் படும். ஆனால் தளிர் இருக்கும் நாட்களில்தான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும், படமெடுக்கவும் வசமாகும்.

இதைத் துரத்திப் படமெடுக்க முடியாது. ஒரு பூவில் இரண்டு மூன்று நொடிதான் நிற்கும். நீங்கள் நான்கு அடி வைப்பதற்குள் அடுத்த புதருக்குப் போயிருக்கும். துரத்தத் துரத்த அது இன்னும் உயரமாக, இன்னும் வேகமாகப் பறக்கும். அதனால் பூச்சியைத் தேடாதீர்கள். அது தேடி வரும் செடியைத் தேடுங்கள்.

அந்தச் செடி விழுதி. சித்த மருத்துவத்தில் விழுதி எண்ணெய் என்று கேட்டிருப்பீர்களே, அதே விழுதிதான். ஸ்மால் ஆரஞ்ச் டிப்பின் புழு இதன் இலையைத் தின்று வளர்கிறது. பூமிச்சர்க்கரைக் கொடியிலும் வளரும் என்றாலும், சென்னையைச் சுற்றி எளிதில் கிடைப்பது விழுதிதான். ஆள் உயரத்துக்குக் கிளை பின்னிக்கிடக்கும் புதர். இலை சிறியது, விரல் நீளம்கூட இருக்காது, சற்றுத் தடித்தது, நுனி மழுங்கியது. முக்கியமான அடையாளம், முள் கிடையாது. பக்கத்திலேயே ஆதொண்டை படர்ந்திருக்கும், அதில் வளைந்த முள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆதொண்டையோரம் நின்றால் வேறு வெள்ளைப் பூச்சிகள் வரும், இது வராது. விழுதிக்காய் மெல்லிய அவரைபோல நீண்டிருக்கும். பழுத்ததும் வெடித்து உள்ளே செக்கச்சிவந்த ஆரஞ்சு நிறச் சதையைக் காட்டும். அந்த நிறத்தைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். ஒருமுறை கண் பழகிவிட்டால் பழைய சுற்றுச்சுவர் ஓரம், கல்குவாரி விளிம்பு, கோயில் தோப்பு வேலி என்று எங்கு போனாலும் விழுதி கண்ணில் படும்.

எங்கே போவது? கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள புதர்க்காடு. அதன் உட்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சிறுவர் பூங்காப் பக்கத்து ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவில் சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கலாம், ஆனால் நுழைவு நேரத்தில் வெயில் ஏறியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவை எதுவும் கட்டாயமில்லை. வீட்டிலிருந்து பைக்கில் கால்மணி நேரத்தில் போகக்கூடிய, காலையில் கிழக்கு வெயில் நேராக விழுகிற ஒரு விழுதிப் புதர் போதும். பத்து இடத்துக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே புதருக்குப் பத்து முறை போவது பலன் தரும்.

புதரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இளந்தளிர் இருக்க வேண்டும். பெண்பூச்சி முற்றிய இலையில் அவ்வளவாக முட்டையிடாது. இரண்டு, பத்தடிக்குள் பூ இருக்க வேண்டும். வெட்டுக்காயப் பூண்டுதான் இதற்கு மிகப் பிடித்தம். நீண்ட காம்பின் உச்சியில் மஞ்சள் நடுவும் வெளிர் இதழுமாகப் பூக்குமே, அதுதான். செடி தரையோடு படர்ந்திருக்க, பூ மட்டும் ஒரு சாண் உயரத்தில் தனியாக நிற்பதால் பின்னணியும் தொந்தரவில்லாமல் கிடைக்கும். தும்பையும் பரவாயில்லை. உன்னிச்செடியில் உட்கார்ந்தால் பூங்கொத்தே படத்தை அடைத்துவிடும்.

தளிரின் மேலும் அடியிலும் உற்றுப் பாருங்கள். இலைமேல் ஒற்றையாக, நெட்டுக்குத்தாக நிற்கும் கதிர் வடிவ வெளிர்முட்டை தெரிந்தால் பெண் அங்கே வந்துபோகிறது என்று அர்த்தம். அது திரும்ப வரும். இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம். கிளையை வளைத்துப் பார்த்தாலும் மெதுவாக விட்டுவிடுங்கள், சுண்டிவிட்டால் சின்னப் புழுக்கள் உதிர்ந்துவிடும்.

நேரம்தான் அடுத்து. மார்ச் நடுவில் சென்னையில் சூரியன் உதிப்பது 6.15 மணிவாக்கில். 7 மணிக்குப் புதரடியில் இருங்கள். இரவெல்லாம் இலைக்கு அடியில் சிறகை மூடிக்கிடந்த பூச்சி, முதல் வெயில் பட்டதும் மேலே ஏறி வந்து சிறகைப் பாதி திறந்து உடம்பைச் சூடேற்றும். குவித்த கைகளை லேசாகப் பிரித்ததுபோல இருக்கும். மேற்பக்கத்து ஆரஞ்சு நிறத்தை நிதானமாக எடுக்கக் கிடைக்கும் நேரம் இதுதான். குளிர்நாட்டுப் பட்டாம்பூச்சிகளுக்கு இது நெடுநேரம் நீளும். நம் ஊர்க் காலை ஏற்கெனவே வெதுவெதுப்பு என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 9 மணிவரை பூவில் நின்று நின்று குடிக்கும். அதற்கு மேல் சுற்றல்தான். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் கடற்காற்று புகுந்துவிட்டால் பூக்காம்பு ஆடத் தொடங்கும், அதோடு மூட்டை கட்டலாம்.

ஆண்பூச்சி புதரைச் சுற்றி ரோந்து வரும். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பெண்ணைத் தேடும் சுற்று அது. ஒரே பாதையில் மறுபடி மறுபடி வருவதால், இரண்டு சுற்று பார்த்துவிட்டு அது தாழ்ந்து பூவைத் தொடும் இடத்துக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். பெண் வந்தால் இன்னும் எளிது. முன்காலால் இலையைத் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து, ஒரு நொடியில் ஒரு முட்டை வைக்கும். அடுத்த தளிர், அடுத்தது என்று போகும். அது உட்காரப்போகும் தளிரை ஊகித்து அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம்.

உபகரணம் பற்றி நிறையப் பேசுவார்கள். சின்னப் பொருளை மிக நெருக்கமாகப் பிடிக்கும் மேக்ரோ லென்ஸ், 90 முதல் 105 மில்லிமீட்டரில் இருந்தால் நல்லது. அதில்தான் பூச்சியை மிரட்டாத தொலைவில் நின்று எடுக்க முடியும். 50, 60 மில்லிமீட்டர் மேக்ரோவோடு போனால் லென்ஸ் முனை பூவைத் தொடும் அளவுக்குப் போக வேண்டிவரும், பூச்சி பறந்துவிடும். மேக்ரோ இல்லாதவர்கள் 70–300 ஜூமில் 300 முனையை வைத்து எடுக்கலாம். போனில் எடுப்பவர்கள் செய்யும் தவறு, மேக்ரோ மோடைத் தட்டிவிட்டு மூன்று சென்டிமீட்டர் வரை கையை நீட்டுவது. அதை விட்டுவிட்டு 2 அல்லது 3 மடங்கு டெலி கேமராவில், ஃபோகஸ் பிடிக்கும் குறைந்தபட்சத் தொலைவில் நின்று எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். ட்ரைபாட் இங்கே சுமைதான். அதை விரிப்பதற்குள் பூச்சி போய்விடும்.

ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போக வேண்டாம், லேசான காற்று இருந்தால் 1/800. லென்ஸின் துளை (அபர்ச்சர்) எஃப் 8. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பு 1600 என்று வையுங்கள். ஃபோகஸ் தொடர் முறையில், ஒற்றைப் புள்ளியில். கோப்பு கட்டாயம் ரா (RAW) வடிவில், காரணம் அந்த வெள்ளைச் சிறகு.

வெள்ளைச் சிறகில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. கரும்பச்சைப் புதருக்கு முன்னால் சின்ன வெள்ளைப் பூச்சி என்றால், கேமராவின் மீட்டர் பச்சையைப் பார்த்து ‘இருட்டாக இருக்கிறது’ என்று வெளிச்சத்தைக் கூட்டும். சிறகு வெந்து, நரம்பும் செதிலும் தெரியாத வெள்ளைத் தாளாகிவிடும். எனவே எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் அமைப்பில் −0.7இலிருந்து −1.3 வரை குறையுங்கள். ஆனால் பூச்சி சட்டத்தின் பாதியை நிறைக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். அப்போது மீட்டர் வெள்ளையைப் பார்த்துத் தானே குறைத்துவிடும், நீங்களும் குறைத்தால் சிறகு சாம்பல் பூத்துப்போகும். அங்கே பூஜ்ஜியத்துக்குத் திரும்புங்கள். திரையில் வெந்த பகுதி மினுக்கும் எச்சரிக்கையை எப்போதும் போட்டு வையுங்கள். போனில் பூச்சியின்மேல் விரலை அழுத்திப் பூட்டி, சூரியக்குறியைக் கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும்.

அடுத்து ஆழம். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய வகைக் கேமரா சென்சாரில், பூச்சியின் உருவம் அதன் உண்மை அளவில் பாதியாக விழும் உருப்பெருக்கத்தில், எஃப் 8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். எஃப் 11 வைத்தாலும் இரண்டரையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஆகவே துளையைச் சுருக்குவதைவிடக் கோணத்தைச் சரிசெய்வதுதான் உதவும். மூடிய சிறகும் கேமராவின் முதுகும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு சிறகும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒரே சிறகாகத் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் சிறகும் தெரிந்தால் கொஞ்சம் நகருங்கள். ஃபோகஸ் புள்ளி கண்ணில் இருக்கட்டும். வெள்ளைச் சிறகில் பிடிமானம் இல்லாமல் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவது சகஜம்.

நெருங்கும் முறையையும் சொல்லிவிடலாம். முதலில் 2 மீட்டரிலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள், அடையாளத்துக்காவது ஆகும். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்தபடியே நகருங்கள். பக்கத்தில் போனபின் கையைத் தூக்கினால் அந்த அசைவிலேயே போய்விடும். உங்கள் நிழல் பூவின்மேல் விழக்கூடாது. காலையில் சூரியன் தாழ இருக்கும்போது நிழல் நீளம், அதனால் சூரியனை முதுகுக்கு நேராக வைக்காமல் தோளுக்குப் பக்கமாக வையுங்கள். மேலிருந்து குனியாமல் முழங்காலிட்டுப் பூவின் மட்டத்துக்கு இறங்குங்கள். உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டபின் நகர்ந்தால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. சிறகை வெடுக்கென்று உதறினால் அப்படியே நின்றுவிடுங்கள், குழல் மறுபடி இறங்கட்டும்.

சிறகைத் திறக்கவே மாட்டேன் என்கிறதா? எதிர்வெயிலுக்குப் போங்கள். பூச்சிக்குப் பின்னால் சூரியனும், அதற்கும் பின்னால் நிழல்விழுந்த புதரும் இருக்கும்படி உட்கார்ந்தால், மூடிய சிறகினூடே ஆரஞ்சு நிறம் விளக்குத்திரிபோல ஒளிரும். இந்தக் கோணத்துக்கு லென்ஸ் மறைப்பு (ஹூட்) அவசியம், இல்லாவிட்டால் படம் வெளுக்கும். எங்கள் கணிப்பில், விரித்த சிறகுப் படத்தைவிட இதுவே அழகு.

நீண்ட நேரம் அசையாமல் பூவில் தொங்கும் பூச்சியைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று பாய்வதற்கு முன் பூவின் அடியைப் பாருங்கள். அநேகமாக ஒரு நண்டுச்சிலந்தி அதன் கழுத்தைப் பிடித்திருக்கும். விடுவிக்கப் போக வேண்டாம், அது சிலந்தியின் காலைச் சாப்பாடு. ஒருவேளை சிலந்தி இல்லாமல், வெற்றுக்கூட்டுக்கு அருகில் சிறகு கசங்கினாற்போல் தொங்கினால், அது அப்போதுதான் கூட்டிலிருந்து வெளிவந்தது. ஈரச்சிறகு உலரும்வரை பறக்காது. காற்றைத் தடுப்பதாக நினைத்துக் கையை அணைக்காமல், தள்ளி நின்று வேண்டிய மட்டும் எடுங்கள்.

ஒத்த தோற்றமுள்ளவை சில உண்டு. நுனி ஆரஞ்சாக இல்லாமல் நல்ல சிவப்பாக இருந்து, பூச்சியும் பெரிதாக இருந்தால் கிரிம்சன் டிப். சிறகு மஞ்சளாக இருந்தால் யெல்லோ ஆரஞ்ச் டிப். வெள்ளையாக இருந்து, 5 சென்டிமீட்டர் அளவில், அடிப்பக்கம் மஞ்சள் படர்ந்து பொடிப்புள்ளி தூவியிருந்தால் வைட் ஆரஞ்ச் டிப். ஸ்மால் ஆரஞ்ச் டிப்பிலேயே முன்சிறகின் வெள்ளையில் கூடுதலாகக் கரும்புள்ளிகள் இருந்தால் அது பெண். ஐயம் தீர மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் வேண்டும். சிறகு அடிக்கும்போது தொடர்ச்சியாகப் பத்துப் படம் சுட்டால் ஒன்றிலாவது மேற்பக்கம் சிக்கும்.

போகும்போது கனமான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறும். இந்தப் புதர்களில் சுருட்டைவிரியன் உண்டு. முழங்காலிடும் முன் தரையை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பழைய யோகா பாயில் ஓர் அடி சதுரம் வெட்டி எடுத்துப்போனால் முழங்கால் தப்பிக்கும். குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காதீர்கள், ஒரு துணி கிளிப்பால் ஓரமாகப் பிடித்து வைத்துவிட்டு, படமெடுத்ததும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நாள், நேரம், இடத்தோடு ஏற்றுங்கள். பூச்சியோடு நிறுத்தாமல் அது உட்கார்ந்த செடியின் இலை, காய் படங்களையும் சேருங்கள். புதரை வெட்டிவிட்டார்கள் என்றால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். மறுவாரம் போகும்போது பத்தடி தள்ளி அடுத்த விழுதி எங்கே துளிர்த்திருக்கிறது என்று பாருங்கள்.