டோல் தாண்டிய பிறகுதான் கவனம் வேண்டும்: தோட்டப்புறச் சாலையில் பத்திரமாகப் போய்வர

கோலாலம்பூரிலிருந்து பேராக்கில் உள்ள தெலுக் இந்தான் பக்கம் ஊருக்கு வருகிறவர்கள் பிளஸ் நெடுஞ்சாலையில் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள். பீடோர் டோலைத் தாண்டியதும் "ஊர் வந்தாச்சு" என்று உடம்பு தளர்ந்துவிடுகிறது, ஒரு கை போனைத் தேடுகிறது, பின்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார். பயப்பட வேண்டிய சாலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவனுக்கும் நமக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு இருக்கும். தெலுக் இந்தான் வரும் வழியிலும், அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் போகும்போதும் பல இடங்களில் நடுவில் இருப்பது வெறும் பெயிண்ட் கோடுதான். 2025 மே 13ஆம் தேதி, சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்பு வேலை முடிந்து தெலுக் இந்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும், கல் ஏற்றி வந்த லோரியும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்துபோனதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முந்துவதில்தான் நம்மில் பலர் அவசரப்படுகிறோம், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காடி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. எதிரே வருவதும் 90 என்றால், நடுவில் உள்ள தூரம் விநாடிக்கு 50 மீட்டர் குறைகிறது. நீளமான லோரியை முந்தி மறுபடியும் நம் பாதைக்கு வர 10 விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அரை கிலோமீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, பேசாமல் பின்னாலேயே வாருங்கள். இரட்டைக் கோடு, வளைவு, பாலம், மேடு, இங்கெல்லாம் முந்தவே கூடாது. லோரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஒன்றும் தெரியாது, உங்கள் காடியும் லோரிக்காரர் கண்ணாடியில் விழாது. முன்னால் போகிற வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். நிதானமாக மூன்று விநாடி எண்ணி முடிந்த பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும், மழையென்றால் ஐந்து. இன்னொன்று, லோரிக்காரர் இடது சிக்னல் போட்டால் "போகலாம்" என்று அர்த்தம் என்பதெல்லாம் நாமாக வைத்துக்கொண்ட வழக்கம், அதை நம்பி வெளியே எடுக்காதீர்கள். வலது சிக்னல் போட்டால் கட்டாயம் பின்னாலேயே இருங்கள், அவர் தோட்டத்துச் சிம்பாங்கில் (சந்திப்பில்) திரும்பப் போகிறவராக இருக்கும்.

செம்பனை லோரி என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளியே இருங்கள். ஒரு குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை இருக்கும், முள்ளும் உண்டு. மேலே வலை கட்டாமல் குவித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீழே சிந்திக் கிடக்கிற உதிரிப் பழம் மோட்டார் சைக்கிள் டயருக்கு எமன். மழை விட்டதும் தோட்டத்துச் சிம்பாங்கில் லோரி சக்கரம் இழுத்து வந்த செம்மண் சேறும் அதே மாதிரிதான். அங்கே பிரேக்கை அழுத்தாமல், வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கடந்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள்தான் நம் வீட்டு வாகனம். நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. ஆனால் "இங்க இருக்கிற கடைக்குத்தானே" என்று ஹெல்மெட் ஆணியிலேயே தொங்கும். சிரிம் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போட்டு, வாரைத் தாடைக்குக் கீழே மாட்டுங்கள், மாட்டாத ஹெல்மெட் விழுவதற்கு முன்பே பறந்துவிடும். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992லிருந்தே சட்டம். ஆனால் பின்விளக்கு எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. விடியற்காலை இருட்டில் பால்வெட்டுக்கோ பழம் வெட்டவோ போகிறவர்களுக்கு அதுதான் உயிர். குளிருக்கு ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவது நம் ஊர் வழக்கம், போடுங்கள், கறுப்பாக இல்லாமல் பளிச்சென்று ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளிக்கு மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற அப்பாக்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, வேன் காசு எவ்வளவு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் முன்னால் டேங்கில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், இரண்டு நடை போங்கள்.

இரவில் மாடுகள். செம்பனைக்குள் மேய்ந்துவிட்டு, சூடாக இருக்கிறதே என்று தார் ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். விளக்கில்லாத இடத்தில் 60க்கு மேல் போகாதீர்கள், எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள். திடீரென்று மாடு தெரிந்தால் நேராகப் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடித்தால் எதிர்லோரி அல்லது கால்வாய். கால்வாய் என்றதும் ஒன்று: காடி தண்ணீரில் விழுந்துவிட்டால் கதவோடு மல்லுக்கட்டாதீர்கள், யாருக்கும் போன் செய்யாதீர்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள், உடனே கண்ணாடியை இறக்குங்கள், பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளிவிட்டு நீங்களும் ஜன்னல் வழியாக வாருங்கள். மின்சாரம் போய்விட்டால் கண்ணாடி இறங்காது.

பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009லிருந்து சட்டம், குழந்தை இருக்கை 2020லிருந்து. பாட்டிக்கு வயிற்றை இறுக்குகிறதாம், பேரன் மடியில்தான் இருப்பானாம். மோதும்போது மடியில் இருக்கிற பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது, பின்னால் பெல்ட் போடாதவர் முன்னால் இருப்பவர் மேலேயே போய் விழுவார். விரைவுப் பேருந்தில் பெல்ட் இருந்தால் அதையும் மாட்டுங்கள், 2025 ஜூலை 1லிருந்து பயணிக்கும் சம்மன் உண்டு. ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டாலோ, போனைப் பார்த்தாலோ, "அண்ணே, கொஞ்சம் ஒட்டுக்கடையில் நிறுத்துங்க, தேத்தண்ணி குடிக்கலாம்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கல்யாண வீட்டில் குடித்தவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2020லிருந்து 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுதான் அளவு, அதற்கு மேல் போனால் சிறை வரைக்கும் போகும்.

விபத்து நடந்துவிட்டால், முதலில் உங்கள் காடியின் அபாய விளக்கைப் போட்டு, முக்கோணத்தைத் தள்ளி வைத்து, பின்னால் வருகிறவர்களை நிறுத்துங்கள், அப்புறம் 999க்கு அழையுங்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதும் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவதும் வேண்டாம், கழுத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள், ரத்தம் வந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். "நமக்குள்ளே பேசி முடிச்சிக்கலாம்" என்று எதிராளி சொன்னாலும் செய்துவிடுங்கள், ரிப்போர்ட் இல்லாமல் இன்சூரன்ஸ் கேட்டுப் போனால் அலைய விடுவார்கள்.