ஸ்னோமொபைலில் போய் பனிச்சறுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெம்பர்ட்டன் ஊருக்கு மேலே ஹர்லி என்றொரு காட்டுச் சாலை இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் யாரும் பனி அள்ளுவதில்லை. காரை நிறுத்தும் இடத்திலிருந்து நல்ல சரிவுகளுக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். நடந்தே போனால் பாதி நாள் சாலையிலேயே கழிந்துவிடும். அதனால்தான் விஸ்லர், பெம்பர்ட்டன், ரெவல்ஸ்டோக் பக்கத்தில் பலர் காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கையை, பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வண்டி ஓடும்வரைதான் தூரம் குறைவு. மலைக்குள் அது நின்றுவிட்டால் திரும்பும் தூரம் முழுவதும் உங்கள் காலில்தான். வண்டி இல்லாமல் இருட்டுவதற்குள் வெளியே வர முடியுமா? முடியாத இடத்துக்கு முதல் சீசனில் போகவே வேண்டாம்.

1. வண்டி

மலைக்கென்றே செய்த வண்டிதான் வேண்டும். ஸ்கீ-டூ சம்மிட், போலாரிஸ் ஆர்எம்கே போன்றவை அந்த ரகம். டிராக், அதாவது அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் பட்டை, 154 முதல் 165 அங்குலம் நீளமும், அதன் பற்கள் 2.5 முதல் 3 அங்குலம் உயரமும் இருந்தால் ஆழமான பனியிலும் மிதந்து போகும். எடை 200 கிலோவைத் தாண்டும். உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்து, தெரிந்த ஒருவருடன் போய்ப் பழகுங்கள். ஸ்கை, ஸ்னோபோர்டு வைக்க பின்பக்கம் ரேக் இருக்க வேண்டும்.

2. பனிச்சரிவுப் பயிற்சி

மலைப் பனி மொத்தமாகப் பெயர்ந்து வருவதுதான் பனிச்சரிவு. இதற்கான பயிற்சியைத் தள்ளிப்போட இடமே இல்லை. கனடாவில் ஏஎஸ்டி 1 என்ற அடிப்படைப் பயிற்சி உண்டு. முடித்துவிட்டுப் போங்கள். போகும் நாள் காலையில் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படியுங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன.

புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவியான ட்ரான்ஸீவர் உடம்பில், மண்வெட்டியும் பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியான ப்ரோபும் முதுகுப் பையில். வண்டியில் கட்டி வைத்தால் வண்டியோடு அவையும் புதைந்துவிடும். யாராவது புதைந்து தேட நேர்ந்தால் முதல் வேலை எல்லா வண்டிகளையும் அணைப்பது. இன்ஜினின் மின்சாரம் ட்ரான்ஸீவர் சிக்னலைக் குழப்பும். போனை ட்ரான்ஸீவரிலிருந்து சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

3. எங்கே அனுமதி

எல்லா மலையும் திறந்திருக்காது. விஸ்லரை ஒட்டிய கரிபால்டி பூங்காவில் ஸ்னோமொபைல் கூடாது. காரிபூ மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் பகுதிகளையும் மூடி வைத்திருக்கிறார்கள். பஞ்சத்தில் பிழைக்கும் மானை விரட்டினால் அதன் உயிரே போகலாம். வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

4. ஓட்டுவது

வேகம் கூட்டும் த்ராட்டில் வலது கட்டைவிரலில், பிரேக் இடது கையில். வண்டியை அணைக்கும் கயிற்றை ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், விழுந்தால் வண்டி தானாக நிற்கும். மலையில் உட்கார்ந்து ஓட்டுவது குறைவு. நின்றுகொண்டு, உடல் எடையால்தான் வளைக்க வேண்டும்.

காட்டுச் சாலை இறுகிக் கிடக்கும் நாளில் இன்ஜின் வெப்பமானியைக் கவனியுங்கள். டிராக் வாரி இறைக்கும் தூள்பனி மேலே இருக்கும் குழாய்களில் பட்டுத்தான் இன்ஜின் குளிர்கிறது. கெட்டிப் பனியில் இறைக்க ஒன்றும் இருக்காது, சூடு ஏறிக்கொண்டே போகும். ஸ்க்ராட்சர் எனும் கம்பிகளை இறக்கிவிட்டால் அவை தரையைக் கீறித் தூள் எழுப்பும். இல்லையென்றால் ஓரத்துத் தூள்பனியில் கொஞ்ச தூரம் இறங்கி ஓட்டுங்கள்.

வண்டி புதைந்துவிட்டால் த்ராட்டிலை அழுத்தாதீர்கள், டிராக் குழியைத்தான் ஆழமாக்கும். அணைத்துவிட்டு டிராக்குக்கு முன்னாலும் கால்பலகைகளுக்கு அடியிலும் பனியை அள்ளுங்கள். முன்னே இரண்டு மூன்று மீட்டருக்குப் பனியை மிதித்து இறுக்குங்கள். அப்புறம் ஒருவர் பக்கவாட்டில் நின்று வண்டியின் முன் ஸ்கையை இழுக்க, இன்னொருவர் மெதுவாக த்ராட்டில் கொடுத்தால் ஏறிவிடும். வண்டிக்கு நேர் முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

5. நிறுத்துவது, சறுக்குவது

சரிவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் பனிச்சரிவு வந்தபோது, கீழே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிக்கினார்கள். 2 பேர் இறந்தார்கள். பக்கவாட்டில், சமமான இடத்தில், முகப்பு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

ஒருவர் வண்டியில் மேலே கொண்டுபோய் விட, மற்றவர் சறுக்கி இறங்க, பிறகு மாற்றிக்கொள்வது ஒரு வழி. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, ஸ்கைக்கு அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டி நடந்தே ஏறுங்கள். பனி எப்படி இருக்கிறது என்பது காலடியில் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்குங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

6. திரும்புவது

ஆழமான பனியில் வண்டி, சாலையில் குடிப்பதைவிட மிக அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும். டேங்க் பாதிக்கு வருவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். உபரி டிரைவ் பெல்ட், ஸ்பார்க் பிளக், ஸ்பேனர்கள், தலைவிளக்கு பையில் இருக்கட்டும். ஒரு வண்டி மட்டும் தனியாகப் போகாமல் இரண்டாகப் போங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த மலைகளுக்குள் போன் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.