சுதந்திர தேவி சிலை: டிக்கெட் இல்லாமல் பார்க்க

நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைத் தண்ணீரிலிருந்து பார்த்தால் போதும் என்றால் டிக்கெட் வாங்க வேண்டாம். மன்ஹாட்டனின் தென்கோடியில் இருக்கும் வைட்ஹால் முனையத்துக்குப் போய் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரியில் ஏறிவிடுங்கள். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காக நகர நிர்வாகமே ஓட்டும் ஆரஞ்சு நிறப் படகு இது. 1997லிருந்து கட்டணம் கிடையாது. இரவு பகலாக ஓடுகிறது, ஒரு வழிக்குச் சுமார் 25 நிமிடம்.

போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், வரும்போது இடப்பக்கம். மறுகரையில் எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும். அப்புறம் முனையத்துக்குள் சுற்றிவந்து அடுத்த படகைப் பிடிக்கலாம். அலுவலகம் விடும் நேரத்தில் கம்பி ஓரம் இடம் கிடைப்பது கஷ்டம், தவிர்த்துவிடுவது நல்லது. இந்தப் படகுக்கே டிக்கெட் தருகிறேன் என்று வழியில் யாராவது மறித்தால் பேச்சே கொடுக்காதீர்கள்.

ஒன்று, சிலை இருக்கும் தீவில் இது நிற்காது, கொஞ்சம் தள்ளியேதான் போகும். பீடத்திலோ கிரீடத்திலோ ஏற வேண்டும், அந்தக் காலத்தில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு பேட்டரி பார்க்கிலிருந்து கிளம்பும் கட்டணப் படகுதான் சரி. கிரீடத்துக்கு முன்பதிவும் தேவை.