ஏழைகளிடமே வறுமையைப் பற்றிக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கள ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டினால், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள் வரிசையாக வருகின்றன. மரியாதையாகப் பேசுவது, குறுக்கிடாமல் கேட்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருமானத்தில் தொடங்குவது

முதல் கேள்வியே "மாதம் எவ்வளவு வரும்?" என்றால், வறுமை ஒரு பணக்கணக்கு என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். தினக்கூலிக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை என்பது வேறு விஷயம்.

பகலில் கூட்டம் போடுவது

ரொம்பக் கஷ்டப்படுபவர் அப்போது வேலைக்குப் போயிருப்பார்.

சொன்னதை "மற்றவை"யில் தள்ளுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஒரு பெண்மணி இப்படிச் சொல்லியிருந்தார்: "ஆபீசில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை, வெறுங்கையோடு எப்படிப் போவது?" கேட்ட தம்பி ஒரு வார்த்தை விடாமல் எழுதி வந்தார். கணினியில் ஏற்றும்போதுதான் கெட்டது. முதல் வாக்கியம் "அரசு சேவை: பயன்படுத்துகிறார்" ஆனது. இரண்டாவது, படிவத்தில் "மற்றவை" என்ற கட்டத்துக்குப் போனது. அறிக்கையில் அந்தக் கட்டமே இல்லை. அதை நம்பி ஓர் உதவித்தொகை ஏற்பாடானது, அதே ஆபீசில் வரிசையில் நின்று வாங்கும்படி. பலர் வாங்கவே வரவில்லை. "ஏழைக்கு அக்கறை இல்லை" என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார்கள்!

பொருளியலாளர் என்.எஸ். ஜோதா ராஜஸ்தான் கிராமங்களில் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இருபது ஆண்டுகளில் தலைக்கு வருமானம் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்த குடும்பங்கள், தாங்களே முக்கியம் என்று சொன்ன 38 அளவுகோல்களில் 37-ல் முன்னேறியிருந்தன. நிலக்கிழாரை அண்டிப் பிழைக்காமல் இருப்பதும் அவற்றில் அடக்கம். வருமானக் கட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு இவர்கள் இன்னும் ஏழையாகிவிட்டவர்கள்.

வறுமை ஒழிப்புக்காக இயங்கும் ஏடிடி ஃபோர்த் வேர்ல்டு அமைப்பும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் வறுமையில் வாழ்பவர்களையே ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு 6 நாடுகளில் ஆராய்ந்தன. 2019-ல் அவர்கள் வகுத்த 9 பரிமாணங்களில் வேலை, வருமானம், பொருள் பற்றாக்குறை ஆகியவை மூன்றுதான். அலுவலகங்களில் நடத்தப்படும் விதம், சமூகம் நடத்தும் விதம், தங்கள் உழைப்பு மதிக்கப்படாதது போன்றவை மீதி ஆறில் வருகின்றன. நம் படிவத்தில் இவற்றில் பாதிக்குக் கட்டமே இருக்காது.

அதனால், எல்லாக் குறிப்புகளையும் படித்த பிறகே வகை பிரியுங்கள். "மற்றவை" நிரம்பினால் படிவத்தைத் திருத்துங்கள். அவர் சொன்ன வாக்கியம் அறிக்கை வரை கூடவே வரட்டும். பிரித்த வகைகளை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள், சரி இல்லை என்றால் சொல்லிவிடுவார்கள்.

கணவர் முன்னால் மனைவியைக் கேட்பது

வேண்டாம்.

ஆசை காட்டுவது

பட்டியலில் பெயர் சேரும் என்று நினைத்தால் வாசலில் நிற்கும் சைக்கிள்கூட மறைந்துவிடும். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இந்தப் பேச்சால் உதவி எதுவும் வராது என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எழுந்து போனால், அது அவர் விருப்பம்.