இட்லிப்பூச் செடி வெளிறிப் போகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் மெனக்கெடாமல் ஆண்டு முழுவதும் அழகாக நிற்கும் செடி எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இட்லிப்பூவை. பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் வெட்சி இதுதான். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய புதர். வேர் பிடித்துவிட்டால் பல்லாண்டு நிற்கும். பூக்காத மாதங்களிலும் அடர்ந்த பச்சை இலை வாசலை நிறைத்திருக்கும். அப்படிப்பட்ட செடி நகரத்து வீடுகளில் இலை மஞ்சளாகி நோஞ்சானாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுண்ணாம்பு.

இட்லிப்பூ அமில மண்ணை விரும்புவது. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 5 முதல் 6 வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். கேரளத்துச் செம்புறை மண்ணில் அது தானாகவே செழிப்பது இதனால்தான். நாமோ மதில் சுவரை ஒட்டிக் குழி தோண்டுகிறோம். வீடு கட்டியபோது விழுந்த சிமென்ட் காரையும் செங்கல் துண்டும் அங்கேதான் புதைந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். இவற்றால் மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் அது வேறு குறை, பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உரக்கடைக்கு ஓடுவதுதான் இரண்டாவது தவறு.

டிஏபி உரம், எலும்புத்தூள் போன்றவற்றில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவு மீறினால் இரும்பை மேலும் முடக்கும். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் எல்லாச் செடிக்கும் அமுதம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இந்தச் செடிக்கு அவை சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு.

நடும்போதே சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிக் குழி எடுங்கள். காரைத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, செம்மண்ணும் இலைமக்கும் கலந்து நிரப்புங்கள். ஏற்கெனவே வெளிறிய செடிக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளிக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அன்னபேதியை வேரில் கொட்டுவது வீண். அது விரைவிலேயே செடிக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். தெளித்தாலும் அது தற்காலிகத் தீர்வுதான். மழைநீரைச் சேமித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி வையுங்கள். குப்பை என்று பெருக்கித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மண் சரியாக இருந்தும் பூக்கவில்லையா? வெயிலைப் பாருங்கள், பிறகு கத்தரிக்கோலை. நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் இலைதான் மிஞ்சும். இட்லிப்பூ கிளை நுனியில் மொட்டு வைப்பது. வேலிபோல் சமமாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் நுனியைக் கத்தரித்தால் மொட்டுகளைத்தான் வெட்டி எறிகிறோம். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் வாடிய கொத்துக்குச் சற்றுக் கீழே நறுக்கினால் போதும். உயரம் பிடிக்கவில்லையென்றால் குட்டை ரகத்தை வாங்குவதே அறிவு.

தண்ணீர் விஷயத்தில் அன்புதான் ஆபத்து. வேர் பிடித்த செடிக்கு மேல்மண் காய்ந்தபின் நீர் விட்டால் போதும். தேங்கினால் வேர் அழுகும்.

தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறினால் எறும்பை நசுக்கிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு போகிறது. இலைமேல் கரி பூசினாற்போல் படியும் பூஞ்சைக்கும் அந்த நீர்தான் காரணம். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி மாலையில் அடியுங்கள்.